முப்பது பக்கக் கோப்பும் மூன்று வரிக் கடிதமும்

ஊனமுள்ள குழந்தைக்குக் கல்வி உரிமை என்கிறது சட்டம். பெங்களூருவின் பள்ளி வாசலில் அந்த உரிமை என்ன ஆகிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும் தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் சில சமயம் ஒரு தடித்த கோப்பும் வந்து சேர்கிறது. ஒரே ஒரு குழந்தையைப் பற்றிய கோப்பு அது. அவனால் எது முடியும், எது முடியாது, வாரத்துக்கு எத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி, வகுப்பில் எங்கே உட்கார வேண்டும், தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம், ஆண்டு முடிவில் எதை எட்டியிருக்க வேண்டும் என்று முப்பது பக்கத்துக்கு எழுதப்பட்டிருக்கும். பெற்றோரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசித் தயாரித்தது. அங்கே அது சட்ட ஆவணம். அதில் எழுதியதைப் பள்ளி செய்யாவிட்டால் பெற்றோர் நடுவர் முன் விசாரணை கேட்கலாம்.

இங்கே ஒரு தனியார் பள்ளியின் வரவேற்பறையில் அந்தக் கோப்பை நீட்டினால், மரியாதையாகப் புரட்டிப் பார்ப்பார்கள். பிறகு மரியாதையாகவே திருப்பிக் கொடுப்பார்கள். “எங்களிடம் அதற்கான வசதி இல்லை, சார்.”

ஊரின் இன்னொரு பக்கம், ஈஜிபுராவிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கும் ஒரு தமிழ்த் தாயிடம் கோப்பு எதுவும் கிடையாது. பையன் நாலாம் வகுப்பு. கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிறான். ஆங்கிலத்தில் ‘பி’யும் ‘டி’யும் இடம் மாறுகின்றன. கன்னட நோட்டு முழுக்கச் சிவப்பு மை. பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது: “வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்கம்மா, அவனுக்கும் நல்லது.” அவள் தலையாட்டிவிட்டு வருகிறாள். டி.சி. கேட்டு வாங்கும் தாளில், பெற்றோரின் சொந்த விருப்பம் என்றுதான் எழுதியிருக்கும்.

வருமானத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் தெரியவில்லை. அந்தப் பள்ளி சொன்னதில் பெரும்பகுதி சட்டப்படி சொல்லக்கூடாத பேச்சு.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கல்வி உரிமையின் கதையே ஒரு வகையில் கர்நாடகத்தில்தான் தொடங்குகிறது. இங்குள்ள தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று கேட்ட கட்டணத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில்தான், கல்வி என்பது வாழும் உரிமையோடு ஒட்டிப் பிறந்தது என்று உச்ச நீதிமன்றம் 1992-ல் சொன்னது. பத்து ஆண்டு கழித்து அரசியல் சட்டத்தின் 86-வது திருத்தம் அதை அடிப்படை உரிமையாக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2012-ல் செய்த திருத்தம், ஊனமுள்ள குழந்தைகளையும் அந்தச் சட்டத்தின் ‘பின்தங்கிய பிரிவு’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது.

இன்னொரு தண்டவாளம் ஊனமுற்றோர் சட்டம். 1995-ல் நிறைவேறிய முதல் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே அறிந்திருந்தது. ஆட்டிசம் அதில் இல்லை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இல்லை. அதாவது, கண் தெரிந்து, காது கேட்டு, ஓடியாடி, ஆனால் எழுத்து மட்டும் பிடிபடாத குழந்தை அந்தச் சட்டத்தின் கண்ணில் ‘படிக்காத பையன்’தான். 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 அன்று அமலுக்கு வந்த புதிய சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. 2007-ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய பெற்றோர்கள், தங்கள் பிள்ளையின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏற மேலும் ஒன்பது ஆண்டு காத்திருந்தார்கள்.

மக்கள்தொகைக் கணக்கு இன்னும் பின்தங்கியிருந்தது. 2011 கணக்கெடுப்பு கர்நாடகத்தில் 13.24 லட்சம் ஊனமுற்றோர் என்றது. ஆனால் அந்தப் படிவத்தில் கற்றல் குறைபாட்டுக்குத் தனிக் கட்டமே கிடையாது. எண்ணப்படாத குழந்தைக்கு யார் ஆசிரியரை நியமிப்பது?

2016 சட்டத்தைப் பிரித்துப் படித்தால் இரண்டு குரல்கள் கேட்கும். 31-வது பிரிவின் குரல் உறுதியானது. 6 முதல் 18 வயது வரை, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற ‘உரிமை உண்டு’. தேர்வு செய்வது குழந்தையின் பக்கம். ‘உங்கள் பையனுக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி’ என்று தலைமையாசிரியர் தீர்ப்பு எழுதுவதற்கு அந்த வரியில் இடமில்லை.

16-வது பிரிவின் குரல் சற்றுத் தழைந்தது. பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வது, கட்டடத்தையும் கழிப்பறையையும் அணுகத்தக்கதாக்குவது, குழந்தையின் தேவைக்கேற்ற வசதி செய்வது, கற்றல் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது, ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் கவனித்து வருவது, போக்குவரத்து வசதி தருவது என்று நல்ல பட்டியல்தான். அரசு நிதி பெறும் பள்ளி, அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளி இரண்டுமே இதில் அடக்கம். இங்கே 40 சதவீதம் என்ற வரம்பும் கிடையாது. ஆனால் தொடக்க வரியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. பள்ளிகள் இவற்றைச் செய்யும்படி அரசு ‘முயல வேண்டும்’. அரசு முயல்கிறது என்று எந்த அதிகாரியும் எந்த நாளும் பதில் எழுதிவிடலாம்.

ஒயிட்ஃபீல்டுக் கோப்புக்கும் நமது சட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் 1975 நவம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், ‘குழந்தைகளுக்குக் கல்வி’ என்று பொதுவாகச் சொல்லி நிற்கவில்லை. இந்தக் குழந்தைக்கு என்ன தரப்போகிறாய் என்று பள்ளியை எழுதித் தரச் சொன்னது. 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒரு படி மேலே போனது. பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, குழந்தையின் நிலைக்கு ஏற்ற உண்மையான முன்னேற்றத்துக்கு வழி செய்யும் திட்டமாக அது இருக்க வேண்டும் என்றது. நமது சட்டத்தில் முன்னேற்றத்தைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறதே தவிர, பெற்றோர் கையெழுத்திட்ட அப்படி ஒரு தாள் கட்டாயம் என்று இல்லை. உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தந்த முதல்வரின் மனத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டியதில்லை. கூடுதல் செலவுக்கு, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று 1975-ல் ஏற்பட்ட ஏற்பாடு இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை. அங்கேயும் ஒரு 40 இருக்கிறது, அங்கேயும் அது எட்டவில்லை.

நமது 40-க்கு வருவோம். மருத்துவச் சான்றிதழில் உள்ள அந்த எண்தான் பல குடும்பங்களின் தலைவிதி. 2024-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மத்திய அரசின் அடையாள அட்டை 40-க்குக் கீழே என்றால் வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் என்றால் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் என்றால் நீலம். ரேஷன் கார்டு போல ஊனத்துக்கும் நிறம் வந்துவிட்டது. வெள்ளை அட்டைக்காரர் 31-வது பிரிவின் வாசலில் நின்றுவிடுகிறார்.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. கை எழுத வராமல் இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள இளைஞர் ஒருவருக்குத் தேர்வெழுத உதவியாளர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தேவைக்கேற்ற வசதி என்பது 40 சதவீதத்தைத் தாண்டியவர்களின் தனிச் சொத்தல்ல. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில், 40-க்குக் கீழே உள்ளவர்களும் எழுத்தரும் கூடுதல் நேரமும் கேட்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. ‘நாற்பது இல்லையே, ஒன்றும் செய்ய முடியாது’ என்று கைவிரிக்கும் பள்ளி, பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பேசுகிறது.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் விஷயத்தில் பெங்களூருவுக்கு ஒரு பெருமையும் உண்டு. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி, நாடு முழுவதும் பயன்படுத்தச் சொன்ன சோதனைத் தொகுப்பு ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் உருவானது. எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் இல்லை, 14-லும் 18-லும் மறுபடி சோதனை, 18-ல் தருவது ஆயுளுக்கும் செல்லும் என்று அந்த வழிகாட்டி வகுத்தது. எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்பு. அதற்குள் குழந்தைக்கு ‘மக்கு’ என்ற பட்டம் பள்ளியிலும் வீட்டிலும் சூட்டியாகிவிடுகிறது. அதற்கு எந்தப் பரிசோதனையும் தேவைப்படுவதில்லை.

பெங்களூருத் தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு தனிச் சுமை. வீட்டில் தமிழ். பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில். இரண்டாவது மொழி கன்னடம். கர்நாடகத்தின் 2015-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாக இருந்தாக வேண்டும். மூன்றாவதாகப் பெரும்பாலும் ஹிந்தி. பாட்டி ஞாயிற்றுக்கிழமை தமிழ் அரிச்சுவடியை எடுத்தால் நாலு எழுத்துமுறை. தமிழில் மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வைத்தால் முடிந்தது. கன்னடத்தில் அடுத்த மெய் ஒத்தக்ஷரமாகி, உருவம் மாறிக் காலடியில் போய் உட்காரும். ஹிந்தியில் பாதி எழுத்து பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் குழந்தை இதையெல்லாம் விளையாட்டாகக் கற்றுக்கொள்கிறது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு மதில்.

இது இன்னொரு குழப்பத்துக்கும் வழி விடுகிறது. பையன் தடுமாறுவது கன்னடம் பழகாததாலா, கற்றல் குறைபாட்டாலா? ஆசிரியர் முதலாவதுதான் என்று நினைத்து, ‘வீட்டில் கன்னடம் பேசுங்கள்’ என்று அறிவுரை கூறி அனுப்பிவிடுகிறார். ஒரே ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது பழக்கமின்மையாக இருக்கலாம். பாடம் நடக்கும் மொழியிலும் அதே தடுமாற்றம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

மொழி அரசியல் தனிக் கதை. ஆனால் சட்டம் இந்த இடத்தில் ஆச்சரியமான தெளிவோடு பேசுகிறது. 17-வது பிரிவு, ஊனமுள்ள மாணவர்களுக்காகப் பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் செய்ய வேண்டிய மாற்றங்களைச் சொல்லும்போது மூன்று உதாரணங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: கூடுதல் நேரம், எழுத்தர் உதவி, இரண்டாவது மூன்றாவது மொழிகளிலிருந்து விலக்கு. நாலு எழுத்துமுறைகளுக்கு நடுவே விழிக்கும் சிவாஜிநகர்ப் பையனை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது.

கர்நாடகத் தேர்வு வாரியமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு அட்டவணையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். கணிதத் தேர்வு நாளன்று அதே வரியில் சமூகவியல் என்றும் போட்டிருக்கும். அறிவியல் நாளில் அரசியல் அறிவியலும் கர்நாடக, ஹிந்துஸ்தானி இசையும் இருக்கும். பெரும்பாலான பெற்றோர் அச்சுப் பிழையோ என்று தாண்டிப் போகும் அந்த வரிகள்தான், கணக்கும் அறிவியலும் எழுத முடியாத குழந்தைகளுக்கான மாற்றுப் பாதை. சி.பி.எஸ்.இ.யிலும் மூன்றாம் மொழி விலக்கு உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு.

கதவு இருக்கிறது. ஆனால் சாவி பள்ளியிடம். சலுகைக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் வாரியத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பே பல குழந்தைகள் பள்ளியை விட்டு நகர்த்தப்படுகிறார்கள். நகர்த்தப்படும் நேரம் பெரும்பாலும் எட்டாம் வகுப்பின் முடிவு. இது தற்செயல் அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அந்தக் கவசம் எட்டோடு கழன்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேருந்து முதுகில் விளம்பரம் செய்ய நினைக்கும் பள்ளிக்கு, ஒன்பதாம் வகுப்பு வாசல்தான் வடிகட்டி. ‘திறந்தநிலைப் பள்ளியில் எழுதட்டுமே, அவனுக்குச் சுலபம்’ என்று ஆலோசனை வருகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மோசமானதல்ல. ஐந்து பாடம் போதும், ஒரு மொழி போதும், ஐந்து ஆண்டுக்குள் தவணை தவணையாக எழுதலாம். சில குழந்தைகளுக்கு அது உண்மையிலேயே வரப்பிரசாதம். ஆனால் குடும்பம் தேடிப் போவது வேறு, பள்ளி தள்ளிவிடுவது வேறு. தள்ளிவிடப்பட்ட பையன் பாடத்தை மட்டும் இழக்கவில்லை. இடைவேளையில் கிரிக்கெட் ஆட இருந்த பத்து பேரையும் இழக்கிறான்.

40 சதவீதம் தாண்டிய குழந்தை என்றால் 18 வயது வரை 31-வது பிரிவு துணை நிற்கும். அதற்குக் கீழே என்றால், பாகுபாடு கூடாது என்ற பொதுப் பிரிவும் அந்த ‘முயல வேண்டும்’ பிரிவும்தான் மிச்சம். 14 வயதுக்கும் 18 வயதுக்கும் நடுவே, வெள்ளை அட்டையோடு நிற்கும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் சட்டத்தின் கூரையில் ஓட்டை பெரிது.

சேர்க்கையின்போதும் ஒரு நாடகம் உண்டு. ‘குழந்தையோடு சும்மா ஒரு கலந்துரையாடல்’ என்று அழைத்து, வண்ணங்களைச் சொல்லச் சொல்லி, நேராக உட்காருகிறானா என்று பார்த்து, பிறகு இடமில்லை என்பார்கள். சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த முறையையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடை செய்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை.

தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடங்களில் ஊனமுள்ள குழந்தைக்கும் பங்கு உண்டு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கர்நாடகத்தில் அது சுருங்கிப்போன கதை. 2019 ஜனவரியில் மாநில அரசு விதியைத் திருத்தியது. அக்கம்பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி இந்த இடங்களைத் தர வேண்டியதில்லை என்றது. உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டு மே மாதம் அதை ஏற்றது. பெங்களூருவில் அரசுப் பள்ளி இல்லாத வட்டாரம் எத்தனை இருக்கப்போகிறது? சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கேள்வி எழுப்பினார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2016-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. கான்வென்ட் வாசலில் நிற்கும் தாய் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சட்டத்தைத்தான்.

சேர்ந்த பிறகு, ‘ஷேடோ டீச்சர்’. குழந்தையின் பக்கத்தில் நிழல் போல உட்கார ஒருவரைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது இந்த நகரத்துத் தனியார் பள்ளிகளில் பழகிப்போன ஏற்பாடு. முப்பது பக்கக் கோப்போடு வந்த குடும்பத்தால் அந்தச் சம்பளத்தைத் தாங்க முடியும். ஸ்ரீராமபுரத்தால் முடியாது. தேவைக்கேற்ற ஆதரவு தரும் கடமையைச் சட்டம் பள்ளியின் பக்கம் வைத்திருக்கிறது. பள்ளிக்கு இருக்கும் ஒரே தப்பிக்கும் வழி ‘தாங்க முடியாத அதிகச் சுமை’ என்பது. முதல் பெஞ்சில் இடம் ஒதுக்குவதும், கரும்பலகையில் எழுதியதைப் படம் எடுத்துத் தருவதும், எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பதும் எந்தக் கணக்கில் தாங்க முடியாத சுமை?

பெரிய குறை ஆசிரியர்கள்தான். சிறப்பு ஆசிரியர் விகிதம் என்ன என்றே நெடுங்காலம் விதியில்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது: தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 மாணவர்களுக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர். அறிவித்து முடிந்தது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் மறுபடி கூப்பிட்டு, எத்தனை பணியிடம் என்பதையாவது மூன்று வாரத்துக்குள் அறிவியுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கர்நாடக அரசுப் பள்ளிகளில் இந்தக் குழந்தைகளைக் கவனிக்க ஒன்றிய அளவில் வள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு ஒருவர் என்பது வேறு, ஒன்றியத்துக்குச் சிலர் என்பது வேறு. கடுமையான ஊனம் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012 திருத்தம் அனுமதித்தது. குழந்தையின் விருப்பம் என்று எழுதப்பட்ட அந்த வரி, அலுத்துப்போன பள்ளி கையில் வெளியே அனுப்பும் சீட்டாகிவிடும் அபாயம் உண்டு.

சட்டத்துக்கு முன்பே நகரம் விழித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் கேட்கும் லிங்கராஜபுரத்தில் இன்று இயங்கும் ஊனமுற்றோர் சங்கத்தை என்.எஸ். ஹேமா தொடங்கியது 1959-ல். இந்திராநகரின் ஸ்பாஸ்டிக் சொசைட்டி 1982-லிருந்து இருக்கிறது. பார்வையற்றவரான ஜி.கே. மகாந்தேஷ் சமர்த்தனம் அறக்கட்டளையை 1997-ல் தொடங்கினார். பள்ளி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் போய் நிற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

சரி, அந்தத் தாய் என்ன செய்யலாம்? வாயால் பேசியதைப் பிறகு நிரூபிப்பது கடினம் என்பதுதான் முதல் பாடம். பள்ளியின் ‘முடியாது’ எப்போதும் நாற்காலியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, வாய்மொழியாகவே வரும். அதைத் தாளில் வரவழைக்க வேண்டும். தேதி போட்டு, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். மூன்று வரி போதும்: என் குழந்தைக்கு இந்தக் குறைபாடு, சான்றிதழ் நகல் இணைப்பு. 2016 சட்டம் 16, 17-வது பிரிவுகளின்படி இந்த இந்த வசதிகள் வேண்டும். எழுத்தில் பதில் வேண்டும். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால் இருக்கவே இருக்கிறது. சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றால், பரிசோதனைக்கு விண்ணப்பித்த ரசீதை இணைக்கலாம். தமிழில் எழுதிக் கொடுத்துப் பள்ளியில் புரியாமல் போவதைவிட, கன்னடமோ ஆங்கிலமோ தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்வது நல்லது.

பதில் இல்லையென்றால் வட்டாரக் கல்வி அதிகாரிக்கு ஒரு நகல். அதற்கு மேலே ஊனமுற்றோருக்கான மாநில ஆணையர். வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், தீர்ப்பல்ல. ஆனால் அதை ஏற்காத அதிகாரி மூன்று மாதத்துக்குள் காரணத்தை எழுதித் தந்தாக வேண்டும். காரணம் எழுத்தில் வந்துவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகக் கையில் ஓர் ஆயுதம் கிடைக்கிறது. எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட குழந்தை என்றால் மாநிலக் குழந்தை உரிமை ஆணையத்தையும் நாடலாம்.

2016 சட்டத்தை மீறினால் தண்டனை, முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். பெங்களூருவின் பெயர் பெற்ற பள்ளிகளில் ஒரு பருவக் கட்டணத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது. அடுத்த முறைகளுக்கு 50,000-லிருந்து ஐந்து லட்சம் வரை போகும். பள்ளிகள் பயப்படுவது தொகைக்கு அல்ல, ஆணையரிடமிருந்து வரும் நோட்டீசுக்கு.

நேரமும் முக்கியம். பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறி டிசம்பரில் ஓடினால் காரியம் நடக்காது. கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. மருத்துவர், மனநல வல்லுநர், நுண்ணறிவுத் தேர்வு, வாசிப்புத் தேர்வு என்று பல படி. ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே சான்றிதழும் கடிதமும் பள்ளியில் இருந்தால்தான், மொழி விலக்கோ மாற்றுப் பாடமோ எழுத்தரோ எது வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கேற்பப் படிக்கவும் நேரம் இருக்கும். கணக்குக்குப் பதில் சமூகவியல் என்று பத்தாம் வகுப்பு ஜனவரியில் முடிவெடுத்தால் சமூகவியலை யார் எப்போது சொல்லித் தருவது?

ஒயிட்ஃபீல்டுக் குடும்பமும் அந்த மூன்று வரிக் கடிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முப்பது பக்கக் கோப்பு இங்கே சட்ட ஆவணம் அல்ல. ஆனாலும் குழந்தைக்கு எந்த வசதி பலன் தந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கடிதத்தின் அடியில் ‘இணைப்பு: 1’ என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.